தாயின் கூலி

ஹார்ஸ்லிப்ஸ் என்பது அயர்லாந்தைச் சேர்ந்த ஒரு ராக் இசைக்குழு. 1970களில் தங்கள் நாட்டின் பழைய மெட்டுகளை எலெக்ட்ரிக் கிதாருக்குக் கொண்டுவந்து 'கெல்டிக் ராக்' என்ற வகையைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர்கள். அவர்களுடைய இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம் 1973இல் வந்தது. பெயர் 'த டாயின்'. டாயின் என்றால் ஆநிரை கவர்தல். 'டாயின் போ கூலி' என்ற பழைய ஐரிஷ் காவியத்தை, அதாவது கூலி என்ற நாட்டின் மாட்டைக் கவரப் போன படையெடுப்பின் கதையை, பதினான்கு பாடல்களிலும் வாத்திய இசைகளிலும் சொல்லும் ஆல்பம் அது.

இந்த ஆல்பத்தையும் பட்டாபிராமில் இருக்கும் எங்கள் வீட்டையும் சேர்த்துப் பேசுவதற்காகத்தான் இந்தக் கட்டுரை. இரண்டும் வெகு தொலைவில் இருப்பவை. ஆனால் கடந்த இரண்டு ஆண்டுகளாக என்னால் ஒன்றை விட்டு ஒன்றை யோசிக்க முடியவில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டை என்றால் எல்லோருக்கும் லேத் பட்டறையும் எக்ஸ்போர்ட் கம்பெனியும்தான் நினைவுக்கு வரும். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்து, மெய்ப்புப் பார்த்து அனுப்பும் நிறுவனங்களும் அங்கே உண்டு. அப்படி ஒன்றில் பதினாறு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிறேன். ஐரிஷ் இலக்கியம் பற்றிய ஒரு புத்தகம் ஒருமுறை என் மேசைக்கு வந்தது. எழுத்துகளின் தலையில் சாய்கோடுகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் என் வேலை. படிப்பது என் வேலையில் சேர்த்தி இல்லை. ஆனாலும் படித்தேன். அதில் ஓர் அடிக்குறிப்பில் இந்த ஆல்பத்தின் பெயர் இருந்தது. அன்று மாலை பட்டரவாக்கத்தில் ரயில் ஏறியதும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தேடிக் கேட்டேன். முழு ஆல்பமும் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். பட்டாபிராமில் இறங்கும்போது பாதிதான் முடிந்திருந்தது. மீதியைக் கேட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

அதில் 'டியரக் டூம்' என்று ஒரு பாட்டு. டியரக் என்றால் ஐரிஷில் சிவப்பு. 'ஓ நீல்ஸ் மார்ச்' என்ற பழைய படைநடை மெட்டை எடுத்து கிதாரில் வைத்திருப்பார்கள். ஒருமுறை கேட்டால் மறக்காது. 1990இல் அயர்லாந்து முதன்முறையாக உலகக் கோப்பைக் கால்பந்துக்குப் போனபோது, அந்த அணிக்கான பாட்டிலும் இதே கிதார் இசையைத்தான் பயன்படுத்தினார்கள். வயலின், மாண்டலின், புல்லாங்குழல், கான்சர்ட்டினா எல்லாம் டிரம்ஸோடு சேர்ந்து வரும்போது, கல்யாண மண்டபத்து வாசலும் திருவிழாத் திடலும் ஒரே நேரத்தில் காதுக்குள் இருப்பதுபோலத் தோன்றியது.

நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியபோது பறையும் கானாவும் எலெக்ட்ரிக் கிதாரும் ஒன்றாக நின்றன. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. இரண்டையும் சமமாக வைக்கவும் முடியாது. ஐரிஷ் மெட்டுகள் அந்நியராட்சியில் ஒடுங்கிப் போனவை. பறையும் கானாவும் சொந்த ஊர்க்காரர்களாலேயே சாதியின் பேரால் ஒதுக்கப்பட்டவை. ஆனால் ஒன்றை மட்டும் எண்ணிப் பார்த்தேன். ஹார்ஸ்லிப்ஸில் ஐந்து பேர், ஐவரும் ஆண்கள். கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் பத்தொன்பது பேர். இசைவாணி ஒருவர்தான் பெண். மண்ணின் குரல் என்று சொல்லி மேடையேறும் இடத்தில்கூடப் பெண் குரலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அதனால்தான் ஆல்பத்தின் கதையைத் தேடிப் படித்தேன்.

*

கதை கொனாக்ட் நாட்டின் அரண்மனைப் படுக்கையறையில் தொடங்குகிறது. ராணி மேவும் அவள் கணவன் ஆலிலும் படுத்திருக்கிறார்கள். "என்னைக் கட்டிக்கொண்ட பிறகு நீ நன்றாக இருக்கிறாய்" என்கிற பொருளில் அவன் பேச்சை ஆரம்பிக்கிறான். அதற்கு முன்பும் நன்றாகத்தான் இருந்தேன் என்கிறாள் அவள். யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்ற பேச்சு வருகிறது. உடனே எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்கிறார்கள். வாளி, அண்டா, மோதிரம், துணிமணி, ஆடு, குதிரை, பன்றி, மாடு என்று இருவர் சொத்தையும் எதிரெதிரே வைத்து எண்ணுகிறார்கள். எல்லாம் சரிக்குச் சரி. ஒன்றைத் தவிர. ஆலிலிடம் வெண்கொம்பன் என்ற பெரிய காளை இருக்கிறது. அதற்கு நிகராக மேவிடம் எதுவும் இல்லை. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், வெண்கொம்பன் பிறந்தது மேவின் பசுவுக்குத்தான். ஒரு பெண்ணின் உடைமையாக இருப்பது இழிவு என்று நினைத்து அது தானாகவே ராஜாவின் மந்தைக்குப் போய்விட்டதாம்.

அதற்கு ஈடாக நாட்டில் இன்னொரு காளை இருக்கிறதா என்று விசாரிக்கிறாள். அல்ஸ்டர் நாட்டில் கூலி என்ற இடத்தில் ஒரு பழுப்புக் காளை இருக்கிறது. ஒரு வருடத்துக்கு இரவல் கேட்கிறாள். ஐம்பது கிடாரிகள், நிலம், தேர் எல்லாம் தருவதாகச் சொல்கிறாள். காளையின் உரிமையாளன் சம்மதிக்கிறான். ஆனால் தூது போனவர்கள் குடித்துவிட்டு, கொடுக்காவிட்டால் பறித்துக்கொண்டு போயிருப்போம் என்று உளறியதில் பேச்சு முறிகிறது. மேவ் படையோடு புறப்படுகிறாள். இதுதான் டாயின்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பெயரை ஃபோனில் தமிழில் தட்டிக் காட்டினேன். ஐரிஷில் அந்த 'டா'வை நம்முடைய 'தா' போலப் பல்லில் நாக்குப் படத்தான் சொல்வார்கள் என்பதால் அப்படியே எழுதியிருந்தேன்.

அம்மா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு படித்தார். "தாயின் போ கூலி. எந்தத் தாயி? என்ன கூலி?"

"ஐயோ மா, அது ஊர் பேரு. கதைய கேளு."

கேட்டார். வெண்கொம்பன் விஷயம் வந்ததும் கீரையை முறத்தில் வைத்துவிட்டார்.

"காளை பொறந்தது அவ மாட்டுக்குத்தானே?"

"ஆமா."

"அப்புறம் எப்படி அவன்து ஆச்சு?"

"பொம்பளகிட்ட இருக்க மாட்டேன்னு காளையே போயிடுச்சாம்."

"காளையா போச்சு? எவனாவது ஓட்டிட்டுப் போயிருப்பான். அப்புறமா இப்படி ஒரு கதை கட்டியிருப்பான்."

பல ஆண்டுகளாக அறிஞர்கள் இந்தக் காவியத்தைப் பற்றி எழுதியதை மெய்ப்புத் திருத்தியிருக்கிறேன். அம்மா சொன்ன அளவுக்கு நேரடியாக யாரும் சொல்லி நான் பார்க்கவில்லை.

*

மாடு என்ற சொல்லுக்கே பழந்தமிழில் செல்வம் என்றுதான் பொருள். பழைய அயர்லாந்திலும் அப்படியே. நாணயம் புழங்காத அந்தச் சமூகத்தில் அபராதம், சீர், ஒருவரின் மானத்துக்கான விலை எல்லாமே மாட்டுக் கணக்கு. அதைவிடப் பெரிய அலகு ஒன்றும் இருந்தது. அதன் பெயர் 'குமல்'. அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் அடிமைப்பெண். ஒரு குமல் சில பால்மாடுகளுக்குச் சமம். பிற்காலத்தில் நிலத்தைக்கூட இத்தனை குமல் என்று அளந்தார்கள். மேவ் தன் சொத்தை எண்ணிய அதே நாட்டில், இன்னொரு பெண் எண்ணும் அலகாக இருந்திருக்கிறாள்.

நம்மிடமும் ஆநிரை கவர்தல் ஒரு திணை. தொல்காப்பியம் வெட்சி என்கிறது. கவரப் போனவனும் மீட்கப் போனவனும் செத்தால் நடுகல். செங்கம் பகுதியில் அப்படி எத்தனையோ கற்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்பிராமி எழுத்துள்ள நடுகல்லிலும் ஆகோள் பற்றிய செய்திதான். இந்தக் கற்களிலும் பாட்டுகளிலும் பெண்கள் எங்கே இருக்கிறார்கள்? புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியாரின் பாட்டில் ஒரு பெண் வருகிறாள். அவள் தந்தை ஒரு போரில் யானையை வீழ்த்தி இறந்தான். கணவன் ஆநிரையைக் காக்கப் போய் இறந்தான். இன்று பறை கேட்டதும் தன் ஒரே மகனுக்குத் தலைவாரி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். பள்ளிக்கூடத்தில் இதை வீரத்தாய் என்று படித்தோம். அவள் தந்தையைக் கொடுத்தாள், கணவனைக் கொடுத்தாள், மகனைக் கொடுத்தாள். அந்த மாட்டில் ஒன்றாவது அவளுடையதா என்று யாரும் கேட்கவில்லை.

மேவ் கொடுக்கிறவள் இல்லை, கேட்கிறவள். எனக்கு அவளைப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான்.

அதற்காக அவளைப் பெண்ணியத்தின் முன்னோடி என்று சொல்ல மாட்டேன். தன் மகள் ஃபின்னவரைத் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே ஒவ்வொரு வீரனையும் சண்டைக்கு அனுப்புகிறாள். தன் பேரைச் சொல்லி நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள் என்று அறிந்து வெட்கத்தில் அந்தப் பெண் இறந்துபோவதாக ஒரு பாடம் சொல்கிறது. காளையைக் கேட்கத் தெரிந்த தாய், மகளைக் காளைக்கு விலையாக வைக்கிறாள். சொத்தில் சமம் ஆனவுடன் எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கு இந்தக் காவியத்திலேயே சாட்சி இருக்கிறது.

*

இப்போது ஆல்பத்துக்கு வருகிறேன். பதினான்கு தலைப்புகளையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். முதல் தலைப்பு 'செட்டான்ட்டா'. அல்ஸ்டர் பக்கத்தில் தனியாளாக நின்று மேவின் படையைத் தடுக்கும் பதினேழு வயது வீரன் கூ ஹுலனின் சிறுவயதுப் பெயர் அது. 'டியரக் டூம்' அவனைப் பற்றியது. 'கே போல்கா' அவனுடைய ஈட்டி. 'கூ ஹுலன்ஸ் லமென்ட்' அவன் புலம்பல். கூடவே வளர்ந்த நண்பன் ஃபெர்டியாவைக் கொன்றுவிட்டுப் புலம்புகிறான். ஃபெர்டியாவுக்கும் ஒரு பாட்டு உண்டு. 'சாரோலே' என்று ஒரு பாட்டுக்குப் பிரெஞ்சு நாட்டு வெள்ளை மாட்டினத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள். பெண் பெயர் வருவது இரண்டு தலைப்புகளில்தான்: 'மேவ்ஸ் கோர்ட்', 'த மோரிகன்ஸ் ட்ரீம்'. மோரிகன் போர்த் தெய்வம். இரண்டுமே வாத்திய இசை. மேவின் அரசவை இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. நல்ல இசைதான், ஆனால் அங்கே யாரும் பேசுவதில்லை.

ஆல்பத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. காவியத்திலேயே பாதிக்கு மேல் கூ ஹுலனின் வீரம்தான். மேவும் ஆலிலும் கணக்குப் பார்க்கும் அந்தப் படுக்கையறைப் பேச்சே பழைய பாடத்தில் கிடையாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட லைன்ஸ்டர் நூல் என்ற சுவடியில்தான் வருகிறது. ஆனால் பெண்ணுடம்பு இந்தக் கதையில் வருகிற இரண்டு இடங்கள் இருக்கின்றன. அந்தப் பதினான்கு தலைப்புகளில் அவற்றுக்கு இடமில்லை.

ஒன்று, மாஹாவின் சாபம். மாஹா நிறைமாத கர்ப்பிணி. ராஜாவின் குதிரைகளைவிட என் பெண்டாட்டி வேகமாக ஓடுவாள் என்று அவள் கணவன் கூட்டத்தில் பெருமையடிக்கிறான். ராஜா அவளை இழுத்துவந்து ஓடச் சொல்கிறான். பிரசவம் ஆகட்டும் என்று கெஞ்சுகிறாள். யாரும் கேட்கவில்லை. ஓடுகிறாள், ஜெயிக்கிறாள், ஓட்டம் முடிந்த இடத்திலேயே இரட்டைக் குழந்தைகளைப் பெறுகிறாள். உங்களுக்கு ஆபத்து வரும் நேரத்தில் இந்த நாட்டு ஆண்கள் எல்லோருக்கும் பிரசவ வலி வரட்டும், ஒன்பது தலைமுறைக்கு வரட்டும் என்று சபிக்கிறாள். மேவ் படையெடுத்து வரும்போது அல்ஸ்டர் வீரர்கள் அத்தனை பேரும் வலியில் சுருண்டு கிடப்பதால்தான் கூ ஹுலன் தனியாக நிற்க வேண்டியிருக்கிறது. அம்மா விழுந்து விழுந்து சிரித்த இடம் இது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் உன்னைப் பெத்த அன்னிக்கு முந்தின நாள் வரைக்கும் மிஷின்லதான் ஒக்காந்திருந்தேன்" என்றார்.

இரண்டாவது, கடைசிப் போர். படை பின்வாங்கும் நேரத்தில் மேவுக்கு மாதவிலக்கு வருகிறது. ஒதுங்குகிறாள். அந்த நேரத்தில் கூ ஹுலன் அவளைப் பின்னால் வந்து பிடித்துவிடுகிறான். பெண்களைக் கொல்வதில்லை என்று சொல்லி விட்டுவிடுகிறான். ஒரு பெண்குதிரை வழிகாட்டினால் மந்தைக்கு இந்தக் கதிதான் என்ற பொருளில் அவளுடைய தளபதி ஃபெர்கஸ் பேசுகிறான். மாதவிலக்கைப் போர்க்களத்தில் வைத்துச் சொன்ன காவியம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் அதைச் சொன்னது அவளைத் தோற்கடிக்கத்தான். 1902இல் லேடி கிரகரி இந்தக் கதைகளை ஆங்கிலத்தில் எழுதியபோது பொது வாசகருக்கு ஒவ்வாது என்று கருதியவற்றை நீக்கினார். 1969இல் கவிஞர் தாமஸ் கின்செல்லா மறைக்காமல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

*

இந்த ஆல்பம் வந்த 1973 அயர்லாந்துப் பெண்களுக்கு வேறொரு காரணத்துக்காக முக்கியமான ஆண்டு. அதுவரை அங்கே அரசு வேலையில் இருக்கும் பெண் திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். அந்த ஆண்டில்தான் அதை நீக்கினார்கள். குடும்பம் குடியிருக்கும் வீட்டை மனைவியின் சம்மதம் இல்லாமல் கணவன் விற்கக் கூடாது என்ற சட்டம் 1976இல் வந்தது. அதற்கு மறு ஆண்டு ஒரு பவுண்டு நோட்டில் ராணி மேவின் படத்தை அச்சிட்டார்கள். சொத்தை எண்ணிய ராணியை நோட்டில் போட்ட நாட்டில், அதற்கு ஒரு வருடம் முன்புவரை மனைவிக்குத் தெரியாமல் வீட்டை விற்க முடிந்திருக்கிறது.

இங்கேயும் பெரிய வித்தியாசம் இல்லை. வெளியுறவுப் பணியில் இருக்கும் பெண் அதிகாரி திருமணத்துக்கு அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியை எதிர்த்து சி. பி. முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனது 1979இல். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் உரிமை என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே கல்யாணம் ஆன பெண்களுக்குக் கிடையாது என்றது. 2005இல் மத்தியச் சட்டம் மாறியது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் தெளிவாக்கியது.

ஆனால் எங்களைப் போன்றவர்களுக்குப் பூர்வீகச் சொத்து ஏது? எங்களிடம் இருப்பது அப்பா, அம்மா சம்பாதித்தது மட்டும்தான். அதில் யார் பெயரில் பத்திரம் இருக்கிறதோ அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம்.

அம்மா 1991 முதல் 2013 வரை அம்பத்தூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை செய்தார். அப்பாவுக்கு லேத் பட்டறை. 1996இல் பட்டாபிராமில் அரை கிரவுண்டு மனை வாங்கினார்கள். அன்றைக்குப் பத்திர எழுத்தர் "சார் பேர்லதானே?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டாராம். அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார். யாரும் பதில் சொல்லவில்லை. எழுதியாகிவிட்டது. காளை தானாக மந்தை மாறியது இப்படித்தான் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு அப்பா அந்த வீட்டை அண்ணன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவைக்கலாம் என்றார். அண்ணன் கெட்டவன் இல்லை. மேலே ஒரு மாடி கட்டி வாடகைக்கு விட நினைத்தான். லோனுக்குப் பத்திரம் தன் பெயரில் இருந்தால் சுலபம் என்றான். "கடைசிவரைக்கும் நீங்க இங்கதானே இருக்கப்போறீங்க" என்றான். எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி எனக்கு ஃபோன் செய்து, "அந்த மேவு பொம்பள என்ன செஞ்சா? எல்லாத்தையும் எடுத்துவெச்சு எண்ணச் சொன்னா இல்ல?" என்றார்.

ஆவடியிலிருந்து போய் அம்மாவோடு உட்கார்ந்தேன். பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றில் அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். மனைக்கு முன்பணம் கட்ட எடுத்த சீட்டு. அஸ்திவாரத்துக்கு விற்ற ஏழு சவரன். பாட்டி போட்டு அனுப்பியது. பட்டறை எட்டு மாதம் மூடிக் கிடந்தபோது வீட்டுச் செலவு. 2004இல் தளம் போட ஆபீசில் வாங்கிய போனஸும் முன்பணமும். வேலையை விட்டபோது வந்த பி.எஃப். பணம், அதில்தான் போர் போட்டது. சமையல், துணி துவைப்பது, மாமியாருக்கு மூன்று வருடம் படுக்கையில் பார்த்தது இதெல்லாம் எழுத வேண்டுமா என்று அம்மாவே கேட்டார். எழுதினேன். தொகை எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டேன்.

அந்தக் காலி இடத்தைப் பற்றி நீதிமன்றம் பேசியிருக்கிறது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு வழங்கினார். கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது அந்தத் தீர்ப்பு. அவள் உழைப்பு இல்லாமல் அவன் அவ்வளவு சேர்த்திருக்க முடியாது என்பதுதான் காரணம். நான் விசாரித்த வக்கீல், நல்ல தீர்ப்புதான், ஆனால் உங்கள் அம்மா வழக்குப் போட வேண்டும், வருடங்கள் ஆகும் என்றார். அம்மா வழக்குக்குத் தயாராக இல்லை. கணக்குக்குத் தயாராக இருந்தார்.

நோட்டை அப்பாவிடம் அம்மாவே கொடுத்தார். அப்பா படித்துவிட்டு டிவி ஸ்டாண்டு மேல் வைத்தார். நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், "சீட்டு எடுத்தது தொண்ணூத்தாறு இல்ல, தொண்ணூத்தஞ்சு" என்றாராம். அவர் மறுத்தது அந்த ஒரு வரியை மட்டும்தான்.

வீட்டில் பாதியை அப்பா அம்மா பெயருக்கு எழுதிக் கொடுத்தார். அண்ணனுடைய லோன் தள்ளிப்போனது. மூன்று மாதம் அவன் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை. நான்தான் தூண்டிவிட்டேன் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். வீட்டுக்குள் கணக்குப் பார்க்கலாமா, அன்புக்கு விலை போடலாமா என்று ஒரு சித்தப்பா கேட்டார். மனை வாங்கிய அன்றைக்கும் கணக்குப் பார்த்துத்தான் பணத்தைக் கொடுத்தார்கள். அதில் அம்மா பங்கைச் சொன்னபோதுதான் அது அன்புக்கு விரோதமானது.

மேவின் கதை நல்லபடியாக முடியவில்லை. இரண்டு காளைகளும் சண்டை போட்டு, வெண்கொம்பன் செத்து, பழுப்புக் காளையும் ஊர் திரும்பிச் செத்துப்போகிறது. பேராசைக்காரி ஒருத்தியால் வந்த வினை என்று அதைப் படித்தவர்கள் உண்டு. ஆனால் சமமாக இருக்க வேண்டும் என்று அவள் கேட்டது தப்பில்லை. இன்னொருவருடையதைப் பறித்துச் சமமாகப் போனதும், மகளை விலை பேசியதும்தான் தப்பு. முதலில் அவள் தன் சொந்த மந்தையில் பிறந்த காளையைத் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். அந்த வழி இருப்பதாகவே கதையில் யாரும் அவளிடம் சொல்லவில்லை.

2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் பத்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. நல்லதுதான். பெயர் பெண்ணுடையதாக இருந்து, பத்திரம் ஆணின் பீரோவில் இருக்கும் வீடுகளும் எனக்குத் தெரியும். அதனால் பெயர் மட்டும் போதாது. எது யாருடைய உழைப்பில் வந்தது என்ற பேச்சு வீட்டுக்குள் நடக்க வேண்டும். அது கூச்சமானது, கோபம் வரவழைப்பது. எங்கள் வீட்டில் இருபத்தேழு வருடம் தள்ளிப்போட்ட பேச்சு அது.

'த டாயின்' ஆல்பத்தை இப்போதும் ரயிலில் கேட்கிறேன். 'டியரக் டூம்' வரும்போது கால் தானாகத் தாளம் போடுகிறது. 'மேவ்ஸ் கோர்ட்' வரும்போது மட்டும் ஒலியைக் கொஞ்சம் கூட்டிவைப்பேன். சொற்கள் இல்லாத அந்த இசைக்குள் அண்டாவும் மோதிரமும் மாடும் எண்ணும் சத்தத்தை நானே போட்டுக்கொள்வேன்.

போன மாதம் அண்ணன் மறுபடியும் மாடி கட்டும் பேச்சை எடுத்திருக்கிறான். இந்த முறை லோன் கொஞ்சமாகவும் கையிலிருந்து கொஞ்சமாகவும் போட்டுக் கட்டுவதாகத் திட்டம். அன்று சாயங்காலம் அண்ணி எனக்கு ஃபோன் செய்தார். சுற்றி வளைக்கவில்லை.

"என் நகை பதினொரு சவரன் அதுக்குப் போகப்போகுது. உங்க அம்மா எழுதின மாதிரி ஒரு நோட்டு எனக்கும் எழுதிக் கொடுப்பியா? இப்பவே, கட்டறதுக்கு முன்னாடியே."